நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம்? பொதட்டூர்பேட்டை முதல் தேர்வாய்கண்டிகை வரை: சட்டம், நிதி, சேரியின் பங்கு

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு முனையில், ஆந்திர எல்லையை ஒட்டி, விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற பேரூராட்சி பொதட்டூர்பேட்டை. அதே மாவட்டத்தின் வடகிழக்கில், சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, சிப்காட் தொழிற்பேட்டைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டி. மேற்கே கடினப் பாறை; நீர் பாறையின் மேலுள்ள சிதைவு மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். கிழக்கே ஆற்று வண்டல். நீர் ஏராளமாகத் தங்கும், கடல்நீரும் எளிதில் புகும். நிலவியல் வேறுபட்டாலும் இரு பகுதிகளுக்கும் பொதுவான கேள்வி ஒன்றுண்டு. மண்ணுக்கு அடியில் இருக்கும் நீர் யாருடையது, அதை யார் ஆள்வது, அதைக் காக்கும் செலவை யார் ஏற்பது என்பதே அது.

பொதுக் கிணற்றில் நீர் எடுக்கும் உரிமைக்கான போராட்டம் தலித் அரசியலின் தொடக்கப் போராட்டங்களுள் ஒன்று. பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் ஒடுக்கப்பட்டோர்க்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அருந்தினார். அந்தக் குளத்தின் மீதான வழக்கு 1937இல்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கிணறு, குளம், படித்துறை ஆகியவற்றைப் பெயர் சொல்லியே பொதுவாக்கியது. ஆயினும் அந்த வெற்றி பொது நீர்நிலைக்கு மட்டுமே உரியது. பொதுக் கிணறு வற்றி, நீர் முழுவதும் தனியார் ஆழ்துளைக் கிணறுகளுக்குள் சென்றுவிட்டால், 15ஆம் பிரிவு திறந்துவிடும் கிணற்றில் எடுப்பதற்கு என்ன இருக்கும்? முன்பு கிணற்றின் விளிம்பில் நின்ற விலக்கு, இன்று கிணற்றின் ஆழத்தில் இயங்குகிறது.

நிலம் உள்ளவருக்கே நீர்

இன்றைய சிக்கலின் வேர் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டத்தில் உள்ளது. வரையறுத்த வாய்க்காலில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துப் பயன்படுத்த நில உரிமையாளருக்கு உரிமை உண்டு என அச்சட்டத்தின் 7ஆம் பிரிவுக்கான விளக்கம் கூறுகிறது. கையால் இறைத்த காலத்தில் இவ்விதி பெருங்கேடு விளைவிக்கவில்லை. மனித உழைப்பும் மாட்டின் வலிமையுமே இறைப்பின் எல்லையாக இருந்தன. மின் மோட்டாரும் துளையிடும் இயந்திரமும் வந்த பிறகு அந்த எல்லை மறைந்தது. இரண்டு ஏக்கர் நிலம் உடையவர் அந்த இரண்டு ஏக்கருக்கு அடியில் உள்ள நீரை மட்டுமே எடுப்பதில்லை; சுற்றிலும் உள்ள நிலங்களின் நீரும் அவருடைய குழாயை நோக்கி நகர்கிறது. சட்டம் இதை அத்துமீறலாகக் கருதுவதில்லை.

நிலம் இல்லாதவருக்கு இச்சட்டத்தில் இடமே இல்லை. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடி நில உடைமைகளில் பட்டியல் சாதியினரிடம் இருப்பவை ஏறத்தாழ 12 விழுக்காடு. பரப்பில் பார்த்தால் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் அளித்த அறிக்கையின் பேரில் 1892இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று அவருடைய ஆளுகைக்குள் இருந்தது. அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப்போனதை நாம் நிலப் பறிப்பாகவே பேசி வருகிறோம். ஒவ்வொரு ஏக்கர் பஞ்சமி நிலத்தோடும் அதனடியில் உள்ள நீரின் மீதான சட்ட உரிமையும் பறிபோனது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

நிலம் இருந்தும் முதலீடு இல்லாத சிறு உழவரின் நிலை இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. அண்டை நிலத்துக்காரர் ஆழத்தைக் கூட்டும்போது தானும் கூட்ட வேண்டும்; இயலாவிட்டால் கிணறு வறளும். கடின பாறைப் பகுதியில் துளையிடுதல் சூதாட்டம் போன்றது. நீர் கிடைக்காவிட்டாலும் அடிக்கணக்கில் கூலி கொடுத்தே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் வேளாண் மின் மோட்டார்களுக்கு 1990 முதல் வழங்கப்படும் கட்டணமில்லா மின்சாரம் உழவர்கள் போராடிப் பெற்ற உரிமை. அதைப் பறிப்பது தீர்வாகாது. ஆனால் மின் இணைப்பும் கிணறும் உள்ளவருக்கே அச்சலுகை சேருகிறது என்பதையும், சேரியின் அடிகுழாய்க்கு அதற்கு ஈடான உதவி ஏதுமில்லை என்பதையும் நிதி பற்றிய விவாதத்தில் மறைக்கக் கூடாது.

நகரத்தின் தாகமும் திருவள்ளூரின் கிணறுகளும்

ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1966 முதல் 1969 வரை ஆரணியாறு – கொசஸ்தலையாறு படுகையில் ஆய்வு நடந்தது. அதன் பயனாக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய கிணற்று வயல்கள் கண்டறியப்பட்டன. சென்னைக்கும் மணலிப் பகுதித் தொழிற்சாலைகளுக்கும் அங்கிருந்து நீர் சென்றது. விளைவு விரைவில் தெரிந்தது. மீஞ்சூர்ப் பகுதியில் 1969இல் கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்த உவர்நீர் எல்லை 1987இல் ஏறத்தாழ 9 கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. 2000க்குப் பிந்தைய வறட்சி ஆண்டுகளில் சென்னைக் குடிநீர் வாரியம் இம்மாவட்ட உழவர்களின் கிணறுகளிலிருந்து விலைக்கு நீர் வாங்கியது. கிணறு உடையவருக்கு வருமானம் கிடைத்தது. நாற்று நட்டும் களை பறித்தும் கூலி பெற்றவர்களுக்கு அந்த விற்பனையில் பங்கில்லை. தரிசு கிடக்கும் வயல் கூலி தருவதில்லை.

இந்தப் பின்னணியில் பிறந்ததே 1987ஆம் ஆண்டின் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம். கிணறு தோண்ட அனுமதியும், வீட்டுப் பயன்பாடு தவிர்த்த தேவைகளுக்கு நீரை எடுக்கவும் வண்டிகளில் கொண்டு செல்லவும் உரிமமும் வேண்டும் என்றது அச்சட்டம். அதன் பார்வை நகரத்தின் பார்வை. சென்னையும், அட்டவணையில் பெயர் குறிக்கப்பட்ட சுற்றுவட்டச் சிற்றூர்களும் மட்டுமே அதன் எல்லை. அனுமதி வழங்கும் அதிகாரம் அலுவலர்களிடம் இருந்தது. எந்த ஊரின் நீர் போகிறதோ அந்த ஊரின் மன்றத்துக்கு அதில் வாக்கில்லை.

வராத சட்டம்

மாநிலம் முழுமைக்குமான சட்டம் 2003இல் வந்தது. தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம் நிலத்தடி நீருக்கெனத் தனி ஆணையம், கிணறுகளின் பதிவு, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் அனுமதி முறை ஆகியவற்றை முன்வைத்தது. பத்தாண்டுகள் அது நடைமுறைக்கே கொண்டுவரப்படாமல், 2013இல் நீக்கப்பட்டது. அதன் இடத்தை நிரப்ப வந்தது 2014 ஜூலை 23 நாளிட்ட பொதுப்பணித் துறையின் அரசாணை எண் 142. வணிக நோக்கில் நீர் எடுப்போர் தடையின்மைச் சான்று பெற வேண்டும் என்ற இம்முறையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. தண்ணீர் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் அப்போதுதான்.

அரசாணை சட்டமாகாது. சட்டமன்றத்தின் விவாதமின்றி அதைத் திருத்தலாம், தளர்த்தலாம். அது குற்றத்தையும் தண்டனையையும் உருவாக்க இயலாது. கட்டணம் விதித்து உள்ளூர் நிதியம் ஒன்றை நிறுவவும் இயலாது. இடைப்பட்ட காலத்தில் நிலைமை எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை அரசின் கணக்கே காட்டுகிறது. 2020இல் தமிழ்நாடு 1,166 குறுவட்டங்களாகப் பிரித்து மதிப்பிடப்பட்டது. ஆண்டுதோறும் எடுக்கத்தக்க அளவில் 70 விழுக்காடு வரை எடுத்தால் பாதுகாப்பான பகுதி. 70 முதல் 90 வரை மிதமான அபாயம். 90 முதல் 100 வரை அபாயம். 100ஐத் தாண்டினால் மிகை நுகர்வு. 2020 மதிப்பீட்டில் 435 குறுவட்டங்கள் மிகை நுகர்வுப் பகுதிகள், 63 அபாயப் பகுதிகள். அதாவது மாநிலத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான குறுவட்டங்களில் வரவை மிஞ்சி நீர் இறைக்கப்பட்டது.

தேர்வாய்கண்டிகை சொல்லும் பாடம்

கும்மிடிப்பூண்டிப் பகுதியில் உள்ள தேர்வாய்கண்டிகை தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். ஊரைச் சூழ்ந்த மேய்க்கால் நிலமும் காடும் கால்நடைக்குத் தீவனமும் ஏழைகளுக்கு விறகும் தந்தன. மழைநீரை ஏரிகளுக்கு அனுப்பும் நீர்ப்பிடிப்பாகவும் இருந்தன. 2007க்குப் பின் அதில் 1,127 ஏக்கர் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு ஒதுக்கப்பட்டது. ஊர்மக்கள் பல ஆண்டுகள் போராடினர். பிரெஞ்சு நாட்டு டயர் நிறுவனமான மிஷெலின் 2009இல் அங்கே ஆலை அமைக்க மாநில அரசோடு ஒப்பந்தம் செய்தது. 2012இல் இச்சிக்கல் பன்னாட்டு நிறுவனங்களுக்கான நெறிமுறைகளின்கீழ் பிரான்சு நாட்டின் தொடர்பு மையம் வரை புகாராகச் சென்றது.

அதே ஊரின் ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் இணைத்து, ஏறத்தாழ 380 கோடி ரூபாய்ச் செலவில், 500 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டு 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. சென்னையின் குடிநீருக்கான ஐந்தாவது நீர்த்தேக்கம் அது. நகரத்துக்கு நீர் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஓர் ஊரின் காடு தொழிற்பூங்காவுக்கும் ஏரி நகரத்துக்கும் சென்றபோது, அந்த ஊருக்கு நீரின் மீது என்ன உரிமை எழுத்தில் உறுதி செய்யப்பட்டது என்ற கேள்வி நிற்கிறது. மேய்க்கால் நிலத்துக்குப் பட்டாதாரர் இல்லை. பட்டா இல்லாத இடத்தில் இழந்தவர் என்று சட்டம் எவரையும் காண்பதில்லை. நீர்ப்பிடிப்பைக் காப்பவருக்கு உரிமை தராத சட்டம், நீர்ப்பிடிப்பையும் காப்பதில்லை.

நிதி: யார் தருகிறார்கள், யாருக்குச் சேர்கிறது

நீரைக் காப்பதற்கு ஏரி தூர்வார வேண்டும், செறிவூட்டும் தண்டுகளும் தடுப்பணைகளும் கட்ட வேண்டும், நீர்மட்டத்தை அளக்க வேண்டும், குடிநீர்க் குழாய்களைப் பராமரிக்க வேண்டும். இவையனைத்துக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். இன்று அது வரும் வழிகள் சில.

தொழிற்சாலைகள் பயன்படுத்தும் நீரின் அளவுக்கேற்ப 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி தீர்வை செலுத்தி வந்தன. சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது, 2017இல், அத்தீர்வை ஒழிக்கப்பட்டது. அடல் பூஜல் திட்டம் 2019இல் 6,000 கோடி ரூபாயில் தொடங்கப்பட்டது. பாதி உலக வங்கிக் கடன். நிலத்தடி நீரை ஊர்மக்களே திட்டமிட்டு ஆள்வதற்கென வந்த இத்திட்டம் குஜராத், ஹரியானா, கர்நாடகம், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய ஏழு மாநிலங்களுக்கே உரியது. 2020 மதிப்பீட்டில் 435 மிகை நுகர்வுக் குறுவட்டங்கள் இருந்த தமிழ்நாடு அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

15ஆவது நிதி ஆணையம் 2021–26 காலத்துக்கு வழங்கிய ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், மழைநீர் சேகரிப்பு, துப்புரவு ஆகியவற்றுக்கே செலவிடப்பட வேண்டியது. ஜல் ஜீவன் திட்டம் நாளொன்றுக்கு ஒருவருக்கு 55 லிட்டர் என்ற அளவை வகுத்தது. அதன் வழிகாட்டு நெறிகள் ஊருக்குள் அமையும் கட்டமைப்புச் செலவில் ஊர்மக்களின் பங்காக 10 விழுக்காடு கேட்கின்றன. பட்டியல் சாதி, பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊர்களில் 5 விழுக்காடு. நீரைக் குறைவாகப் பயன்படுத்தும் ஏழைக் குடும்பம் குழாய்க்குப் பங்குத் தொகை தருகிறது. மிகுதியாக எடுக்கும் வணிக நிறுவனம் அந்த ஊரின் நிதியத்துக்குத் தர வேண்டியது என எதுவும் இல்லை. இந்தத் தலைகீழ் நிலையை மாற்றுவதே நிலத்தடி நீர்ச் சட்டத்தின் முதல் பணியாக இருக்க வேண்டும்.

அளவை ஒப்பிட்டுப் பார்ப்போம். கேரளத்தின் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலைக்கு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என 2005இல் உயர் நீதிமன்ற அமர்வு கூறியது. நபருக்கு 55 லிட்டர் என்ற அளவில் அது 9,000 பேரின் ஒருநாள் நீர். 12,000 லிட்டர் கொள்ளும் ஒரு தண்ணீர் லாரி 218 பேரின் ஒருநாள் நீர்.

தமிழ்நாடு 2024இல் பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தை நிறைவேற்றியது. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர்; திருவள்ளூர் மாவட்டத்தில் அதற்கும் மேல். பொதுத் திட்டச் செலவில் ஒரு பங்கைக் கணக்கில் மட்டும் துணைத்திட்டச் செலவாகக் காட்டும் பழைய வழக்கம் நீர்த் திட்டங்களில் தொடரக் கூடாது. ஊரின் பொது நீர்த்தொட்டிக்கு ஆன செலவு சேரிக்கு ஆன செலவாகாது. சேரியின் குழாயில் நீர் வந்தால்தான் ஆகும்.

பிற இடங்களின் பட்டறிவு

பிளாச்சிமடையில் பழங்குடியினரும் தலித்துகளும் நடத்திய போராட்டத்தின் விளைவாக, 2003 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காப்பாளர் என்று தீர்ப்பளித்தார். மேற்சொன்ன அமர்வு அதை மாற்றியது. எனினும் 2004இல் நின்ற ஆலை மீண்டும் இயங்கவில்லை. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கெனக் கேரளச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறவில்லை. நீதிமன்றத்தில் கிடைக்கும் கோட்பாடு சட்டமன்றத்தில் விதியாக மாறாவிட்டால் நிலைக்காது என்பதே இதன் பாடம்.

மகாராஷ்டிரம் 1993லேயே, பொதுக் குடிநீர் ஆதாரத்திலிருந்து 500 மீட்டருக்குள் அனுமதியின்றி புதுக் கிணறு தோண்டக் கூடாது எனச் சட்டம் இயற்றியது. அமெரிக்காவின் கலிபோர்னியா 2014இல் நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. உள்ளூர் முகமைகள் நீரை அளக்கவும், எடுப்பவரிடம் கட்டணம் வாங்கவும், 20 ஆண்டுகளில் வரவு செலவைச் சமன் செய்யவும் அது வழிவகுத்தது. ஆயினும் பல முகமைகளில் பெருநில உடைமையாளர்களின் குரலே ஓங்கியது. பண்ணைத் தொழிலாளர் குடியிருப்புகளின் ஆழமற்ற கிணறுகள் வறண்டன. 2019இல் பாதுகாப்பான குடிநீருக்கென ஆண்டுக்கு 13 கோடி டாலர் ஒதுக்கும் தனிச் சட்டம் தேவைப்பட்டது. உள்ளூராட்சி என்ற சொல் மட்டும் நீதியைத் தந்துவிடாது என்பதற்கு இது சான்று. "ஊர்" என்ற சொல்லுக்குள் சேரி அடங்காத நாட்டில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

சட்டத்தில் இருக்க வேண்டியவை

தமிழ்நாட்டுக்கு ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் மீண்டும் எழுதப்படும்போது கீழ்க்கண்டவை அதில் இடம்பெற வேண்டும்.

முதலாவது, நிலத்தடி நீர் நிலத்தோடு சேர்ந்த தனிச்சொத்து அன்று, பொதுச் சொத்து என்ற வெளிப்படையான அறிவிப்பு. நீர் மாநிலப் பட்டியலின் 17ஆம் இனம், சட்டமியற்றத் தடையில்லை.

இரண்டாவது, முன்னுரிமை வரிசை: குடிநீரும் வாழ்வாதாரமும் முதலில், உணவுப் பயிர் அடுத்து, வணிகம் கடைசியில். ஒவ்வொரு குடியிருப்பின் பொது ஆதாரத்தைச் சுற்றியும் பாதுகாப்பு வளையம். காலனியின் அடிகுழாய்க்கும் அதே வளையம்.

மூன்றாவது, மீட்டர் பொருத்திய வணிக எடுப்புக்கு அளவின்படி கட்டணம். அத்தொகையின் பெரும்பகுதி நீர் எடுக்கப்படும் ஊராட்சி அல்லது பேரூராட்சியின் தனி நிதியத்துக்கு. அந்நிதியத்தில் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத பங்கு தலித், பழங்குடிக் குடியிருப்புகளுக்கு. சிறு உழவருக்கும் வீட்டுப் பயன்பாட்டுக்கும் கட்டணம் இல்லை.

நான்காவது, நீர்க் குழுவில் நிலமற்றோருக்கும் பெண்களுக்கும் உறுதியான இடமும் வாக்கும். இம்மாவட்டத்தில் பரவலாக வாழும் இருளர் குடும்பங்களுக்கும் அதில் இடம் வேண்டும். பட்டா இல்லாமை உறுப்பினராவதற்குத் தடையாகக் கூடாது.

ஐந்தாவது, எல்லை கடந்த நீர். பொதட்டூர்பேட்டையும் பள்ளிப்பட்டும் 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தவை. மாநில எல்லை மாறியது. பாறை வெடிப்புகள் மாறவில்லை. ஆந்திரத்தில் 2002 முதல் நீர், நிலம், மரங்கள் சட்டம் நடைமுறையில் உள்ளது. எல்லையின் ஒருபுறம் சட்டமும் மறுபுறம் அரசாணையும் இருக்கும் நிலை மாற வேண்டும்.

இன்றே கையில் உள்ள கருவிகள்

புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தங்கள் பகுதி எந்த வகைப்பாட்டில் உள்ளது, யார் யாருக்குத் தடையின்மைச் சான்று தரப்பட்டது, எவ்வளவு நீருக்கு, நிதி ஆணைய மானியத்தில் காலனிக்கு எவ்வளவு செலவானது ஆகிய நான்கையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். ஊராட்சிகளில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் கிராம சபை கூடுகிறது. பேரூராட்சியான பொதட்டூர்பேட்டையில் கிராம சபை இல்லை. அங்கே பகுதி சபையில் இக்கணக்கைக் கேட்கலாம். தெருவாரியாகக் குழாய்களையும் நீர் வரும் நேரத்தையும் குறித்த ஒரு வரைபடத்தைக் கல்லூரி மாணவர்கள் ஒரு வாரத்தில் வரைந்துவிட முடியும். ஊருக்கும் காலனிக்கும் இடையிலான வேறுபாட்டைக் காட்ட அதைவிட வலுவான சான்று இல்லை.

பொது நீர் ஆதாரத்தைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும், பட்டியல் சாதி, பழங்குடியினர் பயன்படுத்தும் நீரை மாசுபடுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடும்பங்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. தொட்டிக்குள் நடக்கும் கொடுமையைக் கண்ணால் காண முடிகிறது. தொட்டிக்கு நீர் தரும் ஆழ்துளைக் கிணற்றை, ஒரு துளி மாசும் கலக்காமல், பக்கத்து நிலத்தின் மோட்டார் வறளச் செய்யும்போது அதைக் குற்றமாகப் பதிவு செய்ய எந்தப் பிரிவும் இல்லை. அந்தப் பிரிவை எழுதச் செய்வதே நிலத்தடி நீர்ச் சட்டத்துக்கான கோரிக்கையின் பொருள்.